நஞ்சைப் பற்றிக்கொள்ளும் துகள்கள்



விருந்து வீடுகளில் எங்கள் மாமுவோடு ஒரே சஹனில் அமர்ந்து உண்டவர்கள் அநேகமாக ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்ததில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கவளத்தை வாயில் இட்டதும், அவர் சட்டைப் பையிலிருந்து பெரிய வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்துத் தண்ணீருடன் விழுங்குவார். சாப்பாட்டுக்கு முன்பு உண்ணும் மாத்திரையை அறிவோம், பின்பு உண்பதையும் அறிவோம். சாப்பாட்டின் நடுவே உண்பது என்ன மாத்திரை? சர்க்கரைக்கா, வாயுவுக்கா? மாமுவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "இது பிளாஸ்டிக்குங்க பாய். உள்ளே போயி ஒன்னைப் புடிச்சிக்கிட்டு வெளியே வந்துரும்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு அன்று, ஏறத்தாழ முழு உண்மை. அந்த உண்மையைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று நாங்கள் இருவரும் நீண்ட நாட்களாக எண்ணியிருந்தோம். எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஒன்றையும், உலகின் சில ஆய்வகங்களில் நடந்துவரும் ஒரு முயற்சியையும் அது இணைக்கிறது.

மாத்திரையின் பெயர் செவலமர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கும் இது தெரிந்திருக்கும். நாம் உண்ணும் இறைச்சி, பால், பருப்பு, கொட்டை வகைகள் எல்லாவற்றிலும் பாஸ்பேட் உள்ளது. நல்ல சிறுநீரகம் மிகுதியானதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலிலோ அது தேங்குகிறது. தோல் தாங்க முடியாமல் அரிக்கும், எலும்பு வலுவிழக்கும், இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்தாலும் பாஸ்பேட் போதிய அளவு வெளியேறுவதில்லை. ஆகவே அது இரத்தத்துக்குள் நுழையும் முன்பே, குடலிலேயே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

செவலமர் அதைத்தான் செய்கிறது. அது ஒரு பாலிமர். பாலித்தீன் பையைப் போலவே சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலிகளான பொருள். சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் அது நீரில் கரையாது, பஞ்சுபோல் ஊதும். ஒருமுறை உடைந்துபோன மாத்திரைத் துண்டை எங்கள் மகள் ஒரு குவளைத் தண்ணீரில் இட்டுக் காட்டினாள். சற்று நேரத்தில் அது வெண்மையான கூழாகப் பருத்து நின்றது. மெல்லாமலும் பொடிக்காமலும் முழுதாக விழுங்க வேண்டும் என்று மருத்துவர் வலியுறுத்தியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. அந்தக் கூழின் சங்கிலி நெடுகிலும் நேர்மின்னேற்றம் தாங்கும் அமீன் தொகுதிகள் உள்ளன. பாஸ்பேட்டோ எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. குடல் இந்தப் பாலிமரை உறிஞ்சுவதில்லை. வந்த வழியே, பிடித்ததையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உணவோடு சேர்த்து உண்டால்தான் உணவிலுள்ளதைப் பிடிக்கும். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கிடைத்தது.

எனினும் இம்மாத்திரை தான் பிடிக்கும் பொருளைக் கறாராகத் தேர்ந்தெடுப்பதில்லை. பாஸ்பேட்டோடு பித்த அமிலங்களையும் பிடிக்கிறது. அதனால் கொழுப்பு சற்றுக் குறைவது ஒரு நன்மை. சில மருந்துகளையும் பிடித்துக்கொள்கிறது. மாமுவுக்கு ஒருமுறை சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்த மருத்துவர், இரண்டையும் ஒரே நேரத்தில் உண்ண வேண்டாம், உண்டால் கிருமிக்கொல்லியில் பெரும்பகுதி வீணாகிவிடும் என்று எச்சரித்தார். எதைப் பற்றவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்பது குடலுக்குள் இவ்வளவு சிக்கல் என்றால், இரத்தத்துக்குள் எப்படி இருக்கும்? அந்தக் கேள்விக்குப் போகும் முன், இம்மாத்திரை எங்கள் வீட்டுக்குள் வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓட, நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கோயிலும் அதைச் சூழ்ந்த வீதிகளும் எல்லோருக்கும் தெரியும். அவற்றைத் தாண்டி மேற்கே மேலூர்ப் பக்கம் போனால் வாழைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கும். மாமு வாழைத்தார், வாழையிலை வணிகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். வாங்கி விற்பதோடு நில்லாமல், இரண்டு ஏக்கர் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கும் எடுத்திருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு மாலையில், மடை மாற்றிவிட்டு மஃக்ரிபுக்கு வுளூச் செய்ய வாய்க்காலை நோக்கி நடந்தபோது காய்ந்த சருகில் கால் வைத்தார். சீறும் ஓசை, குக்கரின் ஆவி பிய்த்துக்கொண்டு வருவதுபோல் கேட்டது என்பார். கண்ணாடி விரியன். கணுக்காலுக்கு மேல் இரண்டு பற்குறிகள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடிவந்து சொன்ன முதல் சொல், "பாய், நடக்காதீங்க" என்பது. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அங்கே கூடியவர்களில் ஒருவர் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம் என்றார். இன்னொருவர் அருகிலிருக்கும் ஒருவரிடம் பச்சிலை வாங்கலாம் என்றார். தோட்டத்துக்காரர் இரண்டையும் கேளாமல், இரு சக்கர வண்டியில் மாமுவை நடுவில் அமர்த்தி, பின்னால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார். வழியெல்லாம் மாமு ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதிக்கொண்டே வந்திருக்கிறார்.

இதைக் கேட்ட உறவினர் சிலர், "ஓதியதால்தான் பிழைத்தார்" என்றனர். வேறு சிலர், "ஊசியால்தான் பிழைத்தார், ஓதியதால் என்ன" என்றனர். இரண்டையும் எதிரெதிர் நிறுத்துவது எங்களுக்கு உடன்பாடில்லை. தேள் கொட்டிய ஒரு கூட்டத்தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் ஃபாத்திஹா ஓதிப் பார்த்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றதையும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள், நோயைப் படைத்தவன் மருந்தையும் படைத்திருக்கிறான் என்ற கருத்தைச் சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஓதுவதற்காக வண்டியை நிறுத்த வேண்டிய தேவை மாமுவுக்கு ஏற்படவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, உதடுகளும் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் சென்ற சிறிய மருத்துவமனையில் மருந்து இருப்பில் இல்லை. அங்கே எழுதிக் கொடுத்து, வேறிடம் அனுப்புவதற்குள் நேரம் கழிந்தது. மாம்பழச் சாலை நெரிசலைக் கடந்து, காவிரிப் பாலம் ஏறி, பெரிய மருத்துவமனையை அடைந்தபோது பல் ஈறுகளில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அங்கே செய்த முதல் சோதனை எங்களை வியக்க வைத்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு, மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார்கள். நல்ல இரத்தம் உறைந்து அப்படியே நிற்கும். மாமுவின் இரத்தம் தண்ணீர்போல் வழிந்தது. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்பதும், இரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பே என்பதும், பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் சோதனை பொய்த்துவிடும் என்பதும் அன்று அறிந்துகொண்டவை. விரியனின் நஞ்சு இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைக் கன்னாபின்னாவென்று தூண்டிவிட்டுத் தீர்த்துவிடுகிறது. அதன் பிறகு உறைவதற்கு எதுவும் மீதமிருப்பதில்லை.

முதலில் 10 குப்பி நச்சுமுறி ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் மாமுவின் உடல் நடுங்கிற்று, தோல் தடித்தது, மூச்சு இரைந்தது. அட்ரினலின் தயாராகக் கையில் இருந்தது. ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் கண்ணாடிக் குழாய். மீண்டும் 10 குப்பி. மறுநாள் காலை இரத்தம் உறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் மூச்சு விட்டோம். ஆனால் சிறுநீர் வரவில்லை. அன்று இரவே டயாலிசிஸ் தொடங்கியது. பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் திரும்பிவிடும் என்று மருத்துவர்கள் ஆறுதல் சொன்னார்கள். மாமுவுக்குத் திரும்பவில்லை.

நச்சுமுறி ஏறிக்கொண்டிருந்தபோதே, பார்க்க வந்த பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இது குதிரையின் இரத்தத்தில் இருந்து எடுப்பதாமே, கூடுமா?" எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அப்போது அங்கேயே இருந்தார். நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர், வேண்டுமென்றும் வரம்பு மீறியும் செய்யாதவரை, அவர்மீது குற்றமில்லை என்ற இறைவசனத்தின் கருத்தை எடுத்துச் சொல்லி, "உயிர் போகும் இடத்தில் இந்தக் கேள்வியையே கேட்காதீங்க அத்தா" என்று முடித்துவிட்டார். நாங்கள் பெரியவரைக் குறை கூற மாட்டோம். கேள்வி நியாயமானதே, அந்த மருந்து எப்படி உருவாகிறது என்பதைத் தேடிப் படிக்கத் தூண்டியதும் அதுதான்.

தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்கு, அவர்களின் அறிவையே தொழிலாக்கித் தந்த முயற்சி அது. ரோமுலஸ் விட்டேக்கரின் பங்கு அதில் பெரிது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சைக் கறந்துவிட்டு மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவின் நச்சுமுறி ஆலைகளுக்கான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நஞ்சை மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடல் அதற்கு எதிரான புரதங்களை உருவாக்கும். அவையே பிறபொருளெதிரிகள். குதிரையின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்து, தூய்மையாக்கி, உலர வைத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். ஆல்பெர் கால்மெட் போன்றோர் 1890களில் தொடங்கி வைத்த வழி இது. 130 ஆண்டுகளாகியும் அடிப்படை மாறவில்லை.

மாறாததன் விலையை மாமுவின் படுக்கையருகே கண்டோம். குப்பியில் உள்ள குதிரைப் புரதங்களில் ஒரு பகுதிதான் பாம்பு நஞ்சுக்கானது. மற்றவை குதிரை தன் வாழ்நாளில் சந்தித்த வேறு எதற்கோ உருவானவை. அந்நியப் புரதம் இவ்வளவு உள்ளே போனால் மனித உடல் பொறுக்குமா? நடுக்கமும் மூச்சிரைப்பும் அதனால்தான். கடிபட்ட இடத்தில் சதை அழுகுவதை இம்மருந்து போதிய அளவு தடுப்பதில்லை. பெரிய மூலக்கூறு என்பதால் அவ்விடத்தை மெதுவாகவே சென்றடைகிறது. அது போவதற்குள் நஞ்சு வேலையை முடித்திருக்கும். இதுவும் போதாதென்று, ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூடப் பகுதிக்குப் பகுதி மாறுபடுகிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சால் ஆக்கிய மருந்து வடக்கே சில இடங்களில் சரியாக வேலை செய்வதில்லை. அவ்வகையில் திருச்சிக்காரர்கள் ஓரளவு கொடுத்து வைத்தவர்கள்.

ஜமால் முகம்மது கல்லூரியில் முதுகலை வேதியியல் பயிலும் எங்கள் மகள், தன் நன்னாவின் மாத்திரையைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, வேறொரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பாஸ்பேட்டைப் பாலிமர் பிடிக்கும் என்றால், நஞ்சை ஏன் பாலிமர் பிடிக்கக்கூடாது? குதிரைக்குப் பதிலாக ஒரு குடுவையில், பிறபொருளெதிரியின் வேலையைச் செய்யும் பிளாஸ்டிக்கை ஆக்க முடியாதா? அவள் கேட்பதற்கு நெடுநாள் முன்பே இதைக் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

காந்தி மார்க்கெட் பக்கம் மாற்றுச் சாவி செய்பவரைப் பார்த்திருப்பீர்கள். சாவியைச் சோப்புக் கட்டியில் அழுத்தி எடுத்தால் அதன் வடிவம் பதிந்துவிடும் என்பது பழைய தந்திரம். 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் குண்டர் வுல்ஃப் இதையே மூலக்கூறு அளவில் செய்து காட்டினார். ஒரு மூலக்கூறைச் சுற்றிலும் பாலிமரை உருவாக வைத்து, பிறகு அந்த மூலக்கூறைக் கழுவி நீக்கினால், அதற்கே பொருந்தும் குழி எஞ்சும். சுவீடனில் கிளாஸ் மோஸ்பாக் இத்துறையை மேலும் வளர்த்தார். ஆனால் அவை பெரும்பாலும் கடினமான கட்டிகள். இரத்தத்தில் செலுத்தக் கூடியவை அல்ல.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கென்னத் ஷே என்பவரின் ஆய்வகத்தில், ஜப்பானைச் சேர்ந்த யூ ஹோஷினோவும் பிறரும் இதை நானோ துகளாகச் செய்தார்கள். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவர்களின் துகள் ஏறத்தாழ 50 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துகள்களை வரிசையாக நிறுத்திவிடலாம். பிடிக்க வேண்டிய இலக்காக அவர்கள் தேர்ந்தது தேனீ நஞ்சின் முதன்மைப் பொருளான மெலிட்டின். 26 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம் அது. இரத்தச் சிவப்பணுக்களின் சவ்வைத் துளைத்து உடைத்துவிடும்.

துகளை வடிவமைப்பது சமையல் பக்குவத்தைப் போன்றது என்று மகள் விளக்கினாள். மெலிட்டினுக்கு இரண்டு குணங்கள்: நேர்மின்னேற்றம் மிகுதி, நீரோடு ஒட்டாத பக்கம் ஒன்றும் உண்டு. ஆகவே துகளுக்குள் எதிர்மின்னேற்றம் தரும் அக்ரிலிக் அமிலம் கொஞ்சம், நீரோடு ஒட்டாத இன்னொரு அக்ரிலமைடு அதிகம், இவற்றைத் தாங்கிப் பிடிக்க வேறொரு அக்ரிலமைடு, சங்கிலிகளைப் பிணைக்க ஒரு குறுக்குப் பிணைப்பி. எல்லாவற்றையும் மெலிட்டினோடு சேர்த்து நீரில் கலந்து பாலிமராக்கினார்கள். அளவு சற்றுப் பிசகினாலும் துகள் எதையும் பிடிக்காது, அல்லது எதையெல்லாமோ பிடிக்கும். பிறகு மெலிட்டினையும் மிஞ்சிய பொருட்களையும் நீக்க, கரைசலைச் சவ்வுப் பைக்குள் இட்டு நீரில் நாள்கணக்கில் ஊற விடுவார்கள். வேதியியலார் அதற்கு வைத்திருக்கும் பெயரும் டயாலிசிஸ்தான். மாமு இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கும் வாரத்துக்கு மூணு நாளா?" என்றார்.

2010இல் வெளிவந்த முடிவு இத்துறையில் பெரிதாகப் பேசப்பட்டது. எலிகளுக்கு உயிர்போகும் அளவு மெலிட்டின் செலுத்தி, அதன்பின் இத்துகள்களை இரத்தத்தில் செலுத்தியபோது மரணம் கணிசமாகக் குறைந்தது. துகள், நஞ்சைப் பற்றிக்கொண்டு கல்லீரலுக்குச் சென்று, அங்குள்ள விழுங்கணுக்களிடம் சிக்கியது. உயிருள்ள உடலின் இரத்த ஓட்டத்தில், உயிரற்ற பிளாஸ்டிக் துகள் ஒன்று பிறபொருளெதிரியின் பணியைச் செய்தது. 'பிளாஸ்டிக் பிறபொருளெதிரி' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

பாம்புக்கு வருவோம். அதே ஆய்வகத்தினர், பாம்பு நஞ்சு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கோஸ்டா ரிக்காவின் ஹோசே மரியா குட்டியெரஸ் முதலியோருடன் சேர்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இம்முறை அச்சுப் பதிக்கவில்லை. வெவ்வேறு பக்குவங்களில் பல துகள்களைச் செய்து, எது நஞ்சைப் பற்றுகிறது என்று தேடினார்கள். ஆப்பிரிக்காவின் நஞ்சு துப்பும் நாகம் ஒன்றின் நஞ்சிலுள்ள முக்கியப் புரத வகைகளைப் பற்றும் துகள் கிடைத்தது. எலியின் தோலில் நஞ்சு செலுத்திய அதே இடத்தில் துகளையும் செலுத்தியபோது, சதை அழுகும் பரப்பு குறைந்தது. குதிரை மருந்து எட்டத் தவறும் இடம் அதுதான் என்பதை நினைவிற் கொள்க. குளிர்பெட்டி தேவைப்படாத, குதிரை தேவைப்படாத, கடிபட்ட இடத்திலேயே போடக்கூடிய ஒன்று தோட்டத்துக்கு அருகிலேயே இருக்கும் நாளை எண்ணிப் பார்க்கையில் எங்கள் உள்ளம் நெகிழ்ந்தது.

நெகிழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் உங்களுக்கு நேர்மையாக எழுதியவர்கள் ஆக மாட்டோம். இத்துகள்கள் இன்னும் மருந்தாகிவிடவில்லை. எலியில் கண்டது மனிதரில் நிகழும் என்ற உறுதி இல்லை. நாகத்தின் நஞ்சும் விரியனின் நஞ்சும் வேறு வேறு. இரத்தம் உறைதலைக் குலைக்கும் விரியனின் பெரிய நொதிகளைப் பிடிக்க வேறு பக்குவம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் முன்பு விட்டுவைத்த கேள்வி இருக்கிறது. செவலமர் குடலோடு நின்றுவிடுகிறது. தவறான ஒன்றைப் பிடித்தாலும் வெளியே போய்விடும். குடல் ஒரு வீதியைப் போன்றது. யாரும் வரலாம், போகலாம். இரத்தமோ வீட்டின் உள்ளறை. அங்கே ஆல்புமின் முதலாக எண்ணற்ற புரதங்கள் நிறைந்திருக்கின்றன. துகள் உள்ளே நுழைந்த நொடியிலேயே அவை அதன்மேல் ஒரு போர்வையாகப் படிகின்றன. அப்போர்வையை மீறி, பல்லாயிரம் நல்லவற்றுக்கிடையே ஒரு கெட்டதை மட்டும் அது பற்றியாக வேண்டும். பற்றிய பின், கல்லீரலில் தங்கிய அந்தப் பிளாஸ்டிக்கின் கதி என்ன? சிதையக்கூடிய பாலிமரால் துகள் செய்ய வேண்டும் என்று பேசுவதெல்லாம் இதற்காகவே. மாமுவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "புடிக்கிறது பெருசில்லம்மா. புடிச்சதைக் கொண்டுபோயி எங்க வைக்கிறதுன்னு தெரியணும்" என்றார். வாழைத்தார் வணிகர் அல்லவா.

வேறு வழிகளிலும் முயற்சிகள் நடக்கின்றன. சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வுக் கழகமும் சேர்ந்து, நாக இனங்களின் நரம்பு நஞ்சை முறிக்கும் செயற்கை மனிதப் பிறபொருளெதிரி ஒன்றை 2024இல் அறிவித்தன. வேதியியலுக்கான நோபெல் பரிசை 2024இல் பெற்ற டேவிட் பேக்கரின் குழு, கணினியில் வடிவமைத்த சிறு புரதங்களால் அதே வகை நஞ்சைத் தடுத்ததை 2025 ஜனவரியில் வெளியிட்டது. எது முதலில் தோட்டத்துக்கு வந்து சேரும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அதுவரை மக்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள் என்பது கசப்பான செய்தி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் சிற்றூர்களில் உழைப்பவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில், பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே மருந்து இருப்பு வேண்டும் என்பது தெரியும். அந்த முதல் மருத்துவமனை வாசலில் நின்ற நிமிடங்களை எண்ணும்போது, இந்த ஆணையை நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

தோட்டம், வயல் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், காலை அசைக்காமல், நச்சுமுறி இருக்கும் மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்லுங்கள், 108ஐ அழையுங்கள். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்பதைக் கடிபட்ட பிறகு தேடாமல், இன்றே விசாரித்து வையுங்கள். ஓதுவதை ஓதிக்கொண்டே செல்லுங்கள்.

மாமுவுக்கு இப்போது அறுபத்தொன்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். எலும்புச் சாறு, பாயா, முந்திரி, குளிர்பானம் எல்லாம் விலக்கு. பிரியாணியில் இரண்டு துண்டு இறைச்சிக்கு மேல் இல்லை. தண்ணீர்கூட அளந்துதான். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டவர், ரமளான் முதல் நாளன்று மட்டும் அழுதார். ஒன்பது வயதில் தொடங்கி விடாமல் நோற்ற நோன்பு. இனி நோற்கும் நிலை திரும்ப வாய்ப்பில்லை என்பதால், நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்ற கணக்கில் ஃபிதியா கொடுத்து வருகிறார். நோன்புக் கஞ்சி காய்ச்சும் வேலையைப் பள்ளிவாசலில் தானே கேட்டு வாங்கி, அஸருக்குப் பின் அண்டாவின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்து மேற்பார்வை செய்கிறார். உப்புப் பார்க்க மட்டும் வேறொருவர்.

குத்தகையை அவர் விட்டுவிடவில்லை. தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஆண்டு ஃபிதியாவைக் கொடுத்து முடித்த பின், தனியே ஸதகாவாக ஒரு தொகையை எடுத்து வைத்து, இரண்டு தோட்டங்களிலும் வேலை செய்பவர்களுக்கு முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் கைவிளக்கும் வாங்கித் தரச் சொன்னார். ஆண்களுக்கு ஆறு ஜோடி வாங்கியாயிற்று. இலை அறுக்க வரும் பெண்கள் நால்வருக்கு ஐந்தாம் அளவு வேண்டும். அது கடையில் இல்லை. சென்னையிலிருந்து அடுத்த வாரம் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.